வெறும் தரையை யாரும் அளக்கவில்லை

பானுமதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவள் மேல் இல்லை. அவளைச் சுற்றி இருந்தவர்கள் மேல். கைப்பிள்ளைக்காரி ஒருத்தியை, சோப்பு டப்பா அளவு மெஷின் ஒன்றைக் காட்டி, பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கவிடாமல் செய்தார்கள். செய்தவர்கள் ரவுடிகள் இல்லை. படித்தவர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் தாயார் சன்னதிக்குப் போகிறவர்கள், தெருவில் நல்ல பெயர் வாங்கியவர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கோபம் வருமா வராதா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் ஆனந்தவள்ளி. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வீடுதான் பானுமதியின் புகுந்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இரண்டும் ஒரே காலத்தில் ஒரே மாதிரி கட்டியவை. முன்னறைக்குப் பிற்பாடு டைல்ஸ் போட்டார்கள், மாடி புதிதாக எடுத்தார்கள். நடு அறை மட்டும் பழையபடியே இருக்கிறது. தரை முழுக்கக் கருங்கல் பலகை, சுவரிலும் இடுப்பு உயரத்துக்குக் கருங்கல். அக்னி நட்சத்திர வெயிலில்கூட அந்த அறை சில்லென்று இருக்கும்.

பானுமதி துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா அம்மாசி சின்ன வெங்காயம் போடுகிறவர். அவள் பத்தாவது படிக்கும்போது அவர் டிராக்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். வலியில் கத்திக்கொண்டிருந்த மனிதரை எக்ஸ்ரே அறையில் இருந்த ஒரு பெண் பக்குவமாகப் பேசி அசையாமல் படுக்க வைத்தாளாம். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, எங்கே முறிந்திருக்கிறது என்று இவளுக்கும் காட்டினாளாம். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன் அக்கா என்பாள். பிளஸ் டூ முடித்து, எக்ஸ்ரே எடுக்கிற படிப்பைப் படித்து, தில்லைநகர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை.

அவள் மாமியார் மயிலம்மாள் அப்போது இந்த வேலையைப் பற்றித் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள். மருமகள் வந்த புதிதில் மயிலம்மாள் வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். பானுமதிதான் ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போய், தன் கையாலேயே எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரிடம் காட்டி அழைத்து வந்தாள். அன்றைக்குக் கதிர் பட்டது மயிலம்மாளின் இடுப்பில். பானுமதி ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றாள். அப்படியிருந்தும் அன்றைக்கு மயிலம்மாளை யாரும் கொல்லைக் குழாயடியில் நிறுத்தித் தலை முழுகச் சொல்லவில்லை. நேரே உள்ளே போய்க் காபி குடித்தாள்.

புருஷன் சுரேஷ்குமார் டூவீலர் ஷோரூமில் வேலை பார்க்கிறான். நல்ல பையன்தான், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனால் முதுகெலும்பும் கிடையாது. அவன் பெண்டாட்டி எத்தனையோ பேர் முதுகெலும்பைப் படம் எடுத்திருக்கிறாள், இவனுக்கு எடுத்தால் வெறும் படம்தான் வரும்.

பானுமதி உண்டானபோது ஆஸ்பத்திரியில் சொன்னாள். விதிப்படி அவளை எக்ஸ்ரே அறையிலிருந்து மாற்றி, வெளியே பெயர் பதிகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்குக் கூடுதல் எச்சரிக்கை. பெண் பிறந்தது. அறிவுமதி என்று பெயர் வைத்தார்கள். லீவு முடிந்து பழைய வேலைக்குப் போனாள். காலையில் பால் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுவாள், சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அந்தக் குட்டி கையை நீட்டிக்கொண்டு வந்துவிடும். பால் கொடுக்க வசதியாக இரண்டு பக்கமும் ஜிப் வைத்து நைட்டி நான்தான் தைத்துக் கொடுத்தேன். ஆள் நடமாடுகிற முன்னறையில் உட்கார்ந்து பால் கொடுக்க முடியுமா? நடு அறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்து, கல் சுவரில் சாய்ந்து உட்காருவாள். அதுதான் அவள் இடம்.

இப்போது வருகிறான் ரெங்கராஜ். மயிலம்மாளின் மூத்த மகன், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. பெண்டாட்டிக்குச் சென்னையில் உத்தியோகம். இவன் மாதத்தில் பாதி நாள் இங்கே மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பான். பக்கத்துத் தெருவில் செல்போன் டவர் வைத்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. ஏதேதோ வீடியோ பார்த்துவிட்டு, ஆன்லைனில் ஒரு கெய்கர் கவுண்டர் வாங்கினான். கதிரியக்கத்தை எண்ணுகிற கருவி அது. ஒரு கதிர் உள்ளே பாய்ந்தால் டிக் என்று ஒரு சத்தம். அந்த டிக்குகளை எண்ணி, மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று திரையில் ஓர் எண் காட்டும். டவரிலிருந்து வருவது வேறு சாதி அலை, அதை இந்தக் கருவி பிடிக்கவே பிடிக்காது. அது தெரியாமல் டவருக்குக் கீழே போய் நின்று பார்த்திருக்கிறான், ஒன்றும் ஏறவில்லை. கொள்ளிடக் கரையில் நடக்கப் போனபோது மணலில் வைத்துப் பார்த்தான், 0.12. வாங்கின பொருள் ஒன்றுக்கும் உதவாமல் போகிறதே என்று அவனுக்கு ஆற்றாமை. புள்ளி இரண்டைத் தாண்டினால் கத்த வேண்டும் என்று அவனே அலாரம் வைத்துக்கொண்டு வீட்டை அளக்க வந்தான். அந்தப் புள்ளி இரண்டை எந்த விஞ்ஞானி சொன்னான் என்று கேட்டால் பதில் கிடையாது. குரங்கு கையில் பூமாலை என்பது இதுதான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்னறையில் 0.15 காட்டியது. மாடியிலும் கிட்டத்தட்ட அதேதான். நடு அறையில் பானுமதி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆம்பளை உள்ளே போகக்கூடாது என்று மயிலம்மாள் கையில் மெஷினைக் கொடுத்து அனுப்பினான். மயிலம்மாள் அதை மருமகள் நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்தாள். டிக் டிக்கென்று வேகம் பிடித்து, அலாரம் கத்தியது. 0.31.

மயிலம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். அங்கே மெஷின் அடங்கிவிட்டது. அப்படியானால் பிள்ளையிடம் ஒன்றும் இல்லை, தாயிடம்தான் இருக்கிறது என்று அண்ணனும் அம்மாவும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பிள்ளை வீறிடுகிறதே என்று பானுமதி பின்னாலேயே வந்தாள். திரையில் 0.15 என்றிருந்தது 0.18 ஆனது. அந்த எண் சும்மா இருக்கும்போதே அப்படித்தான் ஏறி இறங்கும். கதிர் என்ன கடிகாரம் பார்த்தா வருகிறது? ஆனால் ரெங்கராஜ் அந்த 0.18-ஐப் பார்த்ததும், கிட்ட வர வர ஏறுது பாருங்க என்று சொல்லி மெஷினை அணைத்துவிட்டான். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அதுவே இறங்கியிருக்கும்.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. எழவு வீட்டுக்குப் போய் வந்தால் என்னென்ன செய்வோமோ அத்தனையும் அவளுக்குச் செய்தார்கள். வேலை விட்டு வந்தால் வாசல் வழியாக வரக்கூடாது. கொல்லைப்புறம் சுற்றி வந்து, குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டின துணிக்குத் தனிக் கொடி. தட்டும் டம்ளரும் தனி. கதிரியக்கத்தைத் தீட்டு என்று நினைத்துவிட்டார்கள். தொட்டால் ஒட்டும், தலை முழுகினால் போகும் என்று கணக்கு. அம்மா சொன்னதில் ஆச்சரியம் இல்லை. கம்ப்யூட்டர் படித்த மகன் தலையாட்டினானே, அதுதான் எனக்கு ஆறவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

குளித்தால் போய்விடும் என்றால், குளித்த பிறகு பால் கொடுக்கலாம் அல்லவா? அதற்கும் விடவில்லை. உடம்புக்கு மேலே இருப்பதுதான் குளித்தால் போகும், உள்ளே ஊறினது பாலில் இறங்கும் என்றாள் மயிலம்மாள். சுரேஷ்குமார் போய்ப் பால்பவுடர் டின் வாங்கிக்கொண்டு வந்தான். பிள்ளை அழுதபோது பானுமதி மடியில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். அவள் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினது வேறு யாரும் இல்லை, அவன்தான். கொஞ்ச நாளைக்குத்தான், பிள்ளை நல்லதுக்குத்தான் என்றானாம்.

அவள் சொல்லிப் பார்க்காமல் இல்லை. எக்ஸ்ரே மெஷின் டார்ச் லைட் மாதிரி, சுவிட்சைப் போட்டால் வெளிச்சம், அணைத்தால் போச்சு, சுவரில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டா இருக்கும் என்று கேட்டாள். சட்டையில் மாட்டுகிற பேட்ஜைக் காட்டினாள். அது அவள் மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று சேர்த்து வைத்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பி அளப்பார்கள், இதுவரை சொல்லும்படி எதுவும் வந்ததில்லை. அது ஆஸ்பத்திரிக்காரன் கொடுக்கிறது, அவன் அவனுக்குச் சாதகமாகத்தானே சொல்வான் என்றான் ரெங்கராஜ். ஒன்றுமே இல்லையென்றால் வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஏன் இடம் மாற்றினார்கள் என்று கேட்டாள் மயிலம்மாள். எச்சரிக்கைக்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் சொல்லிப் புரியவைக்க அந்த வீட்டில் யாருக்குப் பொறுமை இருந்தது?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மயிலம்மாளே கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். மகன் மெஷின் வாங்கி வீட்டைக் காப்பாற்றிவிட்டானாம். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நல்லா கேட்டுவிட்டேன். எந்த ஊர் நியாயம் இது, பால் கட்டினால் அந்தப் பெண்ணுக்கு என்ன வலி வலிக்கும் என்று நாலு பிள்ளை பெற்ற உங்களுக்குத் தெரியாதா என்றேன். தையல்காரிக்கு என்ன தெரியும் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பானுமதி வந்தாள். மார்பில் வைத்துக்கொள்ள மெத்தென்று பருத்தித் துணியில் பட்டை தைத்துத் தரச் சொன்னாள். வேலையில் நிற்கும்போது பால் வழிந்து துணி நனைந்துவிடுகிறதாம். ஒரு பேஷண்டின் குழந்தை அழுத சத்தம் கேட்டு நனைந்துவிட்டதாம். ஆஸ்பத்திரி பாத்ரூமில் பீய்ச்சிக் கீழே விடுகிறேன் அக்கா என்றாள். சாபம் விட்டேன், யாருக்கு என்று சொல்லமாட்டேன்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது ஒன்று இருக்கிறது. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எத்தனை வருஷம் படித்துப் பார்த்த வேலை, இருந்தும் அந்த அலாரச் சத்தம் காதிலேயே நிற்கிறதாம். நான் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்கிறேன், இருந்தாலும் ஏன் கத்திச்சு, மெஷின் பொய் சொல்லுமா என்று என்னையே கேட்டாள். ஆஸ்பத்திரியிலும் ஒரு தடவை கை கால் முகம் எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாளாம். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் ஆட்டைக்கூட நாயாக்கிவிடலாம் என்பார்கள். இவளை ஆக்குவதற்கு மூன்று பேரே போதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கதிர்ப் பாதுகாப்பைக் கவனிக்கிறவர் ஜெபராஜ் சார். அவரிடம் போய்க் கேள் என்று நான்தான் விரட்டினேன். மறுநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் கடைக்கு வந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம், நீ இல்லாதபோது அந்த அறையை அளந்தார்களா என்று.

யாரும் அளக்கவில்லை. வெறும் தரையை யாரும் அளக்கவில்லை. கதிர் இல்லாத இடம் பூமியில் கிடையாது என்றாராம் அவர். மண்ணிலிருந்து வருகிறது, ஆகாயத்திலிருந்து வருகிறது, தின்கிற வாழைப்பழத்தில் இருக்கிறது, பிறந்ததிலிருந்து நம் உடம்பிலேயே துளி இருக்கிறது. சாதாரணமாகப் புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு என்று காட்டும். கருங்கல் சூழ்ந்த இடத்தில் புள்ளி மூன்று காட்டினால் அதிசயம் இல்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எதை அளந்தாலும் முதலில் அந்த இடத்தை வெறுமனே அளந்து, அதற்கு மேல் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதுவும் சட்டென்று ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லக்கூடாது, பத்து நிமிஷமாவது விட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ரெங்கராஜைக் கூப்பிட்டு, தம்பி, எனக்கும் பயமாக இருக்கிறது, என் வீட்டையும் பார்த்துச் சொல்லு என்றேன். பெரிய மனுஷன் போல வந்தான். மயிலம்மாளும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தாள். முன்னறையில் 0.14. நடு அறைக் கல் தரையில் வைக்கச் சொன்னேன். வைத்த கொஞ்ச நேரத்தில் கத்த ஆரம்பித்தது. 0.32. அவர்கள் வீட்டைவிட என் வீட்டில் ஒரு படி கூட.

"எங்க வீட்டுல யாரு தம்பி எக்ஸ்ரே எடுக்குறது? நான் ஜாக்கெட்டுதான் தைக்கிறேன்" என்றேன்.

அவன் முகம் செத்துப்போகும், தப்பு என்று ஒத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? பானுமதி அடிக்கடி இங்கே வந்து உட்காருகிறாள் அல்லவா, அதான் இங்கேயும் பரவியிருக்கிறது என்றான். மயிலம்மாள் உடனே என் வீட்டுத் தரையிலிருந்து காலை எடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் உடைந்தாலும் மருமகள் கணக்கில்தான் எழுதுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பானுமதி அவ்வளவு நேரம் என் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பேச்சைக் கேட்டதும் ரெங்கராஜ் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நான் காலு வைக்காத இடத்துல அளங்க. கொள்ளிடத்து மணல்ல. முதல்ல நான் இல்லாம அளங்க, அப்புறம் என்னை வச்சு அளங்க. அங்கயும் ஏறுச்சுன்னா, நானே வேலையை விட்டுடறேன், பிள்ளையையும் தொடல. ஏறலைன்னா எம்பிள்ளை எனக்கு வேணும்" என்றாள்.

வராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துறையூர் பஸ் ஏறிவிடுவாள் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். விஷயம் காதுக்குப் போனதும் சுரேஷ்குமாருக்கு அதுதான் உறைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள், அந்த ஒரு வாரமும் டின் பால்தான்.

அந்தக் காலத்தில் தீயில் இறங்கச் சொன்னார்கள், இந்தக் காலத்தில் மணலில் நிற்கச் சொல்கிறார்கள். காலம்தான் மாறியிருக்கிறது, நிற்கிறது அதே பெண்பிள்ளைதான். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் எல்லாரும் கொள்ளிடக் கரைக்குப் போனோம். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். என்ன விசேஷம் என்று ஒருத்தி கேட்டாள், மருமகளுக்குப் பரீட்சை என்று உரக்கவே சொன்னேன். மயிலம்மாள் முறைத்தாள், முறைக்கட்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மணலில் போட்டு, அதன் மேல் மெஷினை வைத்தோம். பானுமதி பாலத்துப் பக்கமாகத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். சுரேஷ்குமார் போனில் நேரம் பார்த்தான். எண் மேலும் கீழும் தாவியது, 0.09, 0.15, 0.11. யாரும் அதைத் தொடக்கூடாது என்று நான் காவல் நின்றேன். சராசரி 0.12 வந்தது.

பிறகு பானுமதி வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டின சேலையைத் துவைக்காமல் அப்படியே கட்டிக்கொண்டு வந்திருந்தாள், அது அவள் பிடிவாதம். நாற்காலியை ஒட்டி மணலில் உட்கார்ந்து, மெஷினை எடுத்துத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைப் பிடிக்க வேண்டிய கை. டிக், கொஞ்ச நேரம் கழித்து டிக் டிக், மறுபடி ஒன்றும் இல்லை. அலாரம் கத்தவில்லை. அவள் திரையைப் பார்க்கவே இல்லை, மயிலம்மாள் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்ததும் ரெங்கராஜ் குனிந்து பார்த்தான். 0.11.

அவன் இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டான், நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். சுரேஷ்குமார் பானுமதி பக்கத்தில் போய் உட்கார்ந்து, சரி விடு, தெரியாம ஆயிப்போச்சு என்றான். தெரியாமலா? தெரிந்தவள் வீட்டிலேயே இருந்தாளே, அவளைக் கேட்டானா? மயிலம்மாள் பிள்ளையைக் கொண்டுவந்து பானுமதி மடியில் வைத்து, இந்தா, இனிமே நீயே குடு என்றாள், ஏதோ தன் சொத்தைத் தானம் பண்ணுகிற மாதிரி.

பானுமதி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு பிள்ளையை மார்பில் சேர்த்தாள். நான் மறைப்பாகப் பக்கத்தில் நின்றேன். பிள்ளை வாய் வைத்தது. இழுத்துப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி திருப்பிக்கொண்டது. பிறகு வீறிட்டு அழுதுகொண்டு, மயிலம்மாள் கூடையில் இருந்த பால் பாட்டிலைப் பார்த்துக் கையை நீட்டியது. யாரும் நகரவில்லை. கடைசியில் பானுமதியே எழுந்து போய் அந்தப் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அவள் கொல்லைப்புறம் சுற்றவில்லை. வாசல் வழியாக, காலில் கொள்ளிடத்து மணலோடு, நேரே நடு அறைக்குப் போய் அதே கல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் செய்யாத வைத்தியம் இல்லை. பூண்டும் பாலும், சுறாப்புட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரை, மணிக்கொரு தடவை பிள்ளையைச் சேர்த்துப் பார்ப்பது. பிள்ளை குடிக்காத அந்த நாட்களிலேயே பால் வற்ற ஆரம்பித்திருந்தது, சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, பிள்ளைக்குப் பொறுமை இல்லை. கொஞ்ச நாளில் அந்தச் சொட்டும் நின்றுபோனது. ரெங்கராஜ் மெஷினை யாருக்கோ விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். ஒரு வார்த்தை மன்னிப்பு என்று அவன் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை. டவர் அங்கேயே நிற்கிறது.

போன வாரம் பானுமதி ஒரு பையோடு கடைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து மயிலம்மாளும் தன் ஜாக்கெட்டை வாங்க வந்து நின்றுகொண்டிருந்தாள். பானுமதி பையிலிருந்து நான் தைத்த நைட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். இதிலெல்லாம் ஜிப்பை எடுத்துவிட்டு மூடித் தைத்துவிடுங்கள் அக்கா என்றாள். நான் துணியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மயிலம்மாள்தான் வாயைக் கொடுத்தாள். "இருக்கட்டுமேடி, அடுத்த பிள்ளைக்கு ஆகும்ல" என்றாள்.

பானுமதி மாமியார் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை.

"அடுத்த பிள்ளை இருக்கட்டும் அத்தை. அந்த மெஷினுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எம்பால் எங்க போச்சுன்னு அதுகிட்டக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க உங்க பெரிய மகனை" என்றாள்.

மயிலம்மாள் ஜாக்கெட்டை வாங்காமலே போய்விட்டாள். நான் கத்தரிக்கோலை எடுத்து முதல் நைட்டியின் ஜிப்பைப் பிரித்தேன்.